நான்காம் அத்தியாயம்: கல்லூரிக்குள் இருக்கும் துறை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாள் தொடங்கிக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்டும் நாள் வரையில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற அவகாசம் சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில் வீட்டுக்கு வந்துபோகும் உறவினர், மதிப்பெண்ணைக் கேட்டறிந்த அண்டை வீட்டார், கைப்பேசியில் ஓயாமல் அழைக்கும் முகவர் என எல்லோரும் ஏதோ ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லுகிறார்கள். ஆனால் அந்த மாணவன் அங்கே யாரிடம், எந்த ஆய்வுக்கூடத்தில், எதைக் கற்கப்போகிறான் என்பதைச் சொல்லுகிறவர் அரிது. கல்லூரி என்பது ஆதியோடந்தமாக ஒரே தரமுடைய ஸ்தாபனம் என்று எண்ணிக்கொள்வதே இவ்வளவு குழப்பத்துக்கும் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். ஒரே வளாகத்தில், ஒரே முதல்வரின் நிர்வாகத்தில், ஒரு துறை நீண்டகால அனுபவமுள்ள ஆசிரியர்களோடு செழித்திருக்க, அடுத்த கட்டடத்தில் சமீபத்தில் தொடங்கப்பெற்ற மற்றொரு துறை பாடம் நடத்த ஆளின்றித் தவிப்பதுண்டு. மாணவனுடைய நான்கு வருஷமும் அந்த ஒரு துறையிலேதான் கழியப்போகிறது. ஆகையால் முதலில் துறையை ஆராய்ந்து, அதன் வழியாகக் கல்லூரியை நிர்ணயிக்கும் முறையை இந்த அத்தியாயத்தில் விவரிக்கிறேன். தமிழ்நாட்டுப் பொறியியற் கல்வியை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், கலை அறிவியல் கல்லூரியில் சேர விரும்புகிறவர்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

நம் நாட்டில் பொறியியற் கல்லூரிகள் வளர்ந்த வரலாற்றைச் சிறிதளவேனும் அறிந்துகொள்வது இங்கே பிரயோஜனப்படும். கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி 1945-லும், குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. 1949-லும், கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-லும், காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் பெயர் தாங்கிய கல்லூரி 1952-லும், மதுரையில் தியாகராசர் கல்லூரி 1957-லும் எழுந்தன. இவற்றுள் எம்.ஐ.டி.யின் தொடக்கம் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. சி. ராஜம் என்ற தனவந்தர் அதை நிறுவியபோது, மற்ற இடங்களில் இருந்த சிவில், மெக்கானிக்கல் துறைகளையே திரும்பவும் வைக்காமல், அந்நாளில் நம்மிடையே அபூர்வமாயிருந்த விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், அளவைக் கருவிகள் ஆகிய துறைகளைத் தேர்ந்தெடுத்து வைத்தார். சின்னஞ்சிறு நிறுவனமாயிருந்தும் அது தேசமெங்கும் பெயர் பெற்றது அந்தத் துறைகளாலேதான். 1978-ல் கிண்டி, எம்.ஐ.டி. முதலியவை ஒன்றுசேர்ந்து அண்ணா பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1984-ல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் பெருகிய வேகத்தில் இன்று பல கல்லூரிகளுக்கும் பொதுவாக நடைபெறும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம்பெறும் கல்லூரிகள் 400-க்கும் மேற்பட்டவை. ஆண்டுதோறும் பல ஆயிரம் இடங்கள் நிரம்பாமலே நின்றுவிடுகின்றன என்பதையும் மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இடம் கிடைக்காதோ என்ற பயத்துக்கு இப்போது அவ்வளவு ஆதாரமில்லை, நல்ல இடம் எது என்ற கேள்வியே எஞ்சி நிற்கிறது.

அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என்ற பாகுபாடு எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாமல் போவது என்னவென்றால், உதவி பெறும் பழைய கல்லூரிகளிலும் சில துறைகள் சுயநிதியாக நடைபெறுகின்றன என்பதும், அவற்றின் கட்டணம் வேறு என்பதும்தான். பழம்பெருமை வாய்ந்த கல்லூரியில் இடம் கிடைத்தது என்று மகிழ்ந்து போகிற குடும்பம், கட்டணச் சீட்டைக் கையில் வாங்கும்போது திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே. தன்னாட்சிக் கல்லூரி என்பது தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துத் தானே தேர்வு நடத்தும் உரிமை பெற்றது. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகமே. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ ஒற்றைச் சாளரத்துக்கு வெளியே நின்று தாமே மாணவரைச் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும், அரசு தரும் சலுகைகள் சில அங்கே செல்லா.

இன்னொரு சிறு எச்சரிக்கை. ஒரே தெய்வத்தின் பெயரையோ ஒரே தலைவரின் பெயரையோ தாங்கிய கல்லூரிகள் தமிழ்நாட்டில் அநேகம். ஒரே அறக்கட்டளை இரண்டு மூன்று கல்லூரிகளை அடுத்தடுத்து நடத்துவதும், அவற்றின் பெயர்கள் ஒரு சொல்லால் மாத்திரம் வேறுபடுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு கல்லூரிக்கும் கலந்தாய்வில் வழங்கப்பட்டுள்ள குறியீட்டு எண்ணையே நம்ப வேண்டும். பெயரை நம்பிப் பட்டியல் எழுதலாகாது.

இனி மதிப்பெண். நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இல்லை. கணிதத்தில் பெற்றதை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் கணக்கிட்டு, 200-க்கு இவ்வளவு என்று கட்-ஆஃப் வகுக்கிறார்கள். சென்ற ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தத் துறைக்கு எந்த இனப்பிரிவில் எந்த மதிப்பெண்ணோடு கடைசி இடம் முடிந்தது என்ற அட்டவணை கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதை ஒரே ஒரு வருஷத்துக்குப் பார்த்து முடிவு செய்வது தவறு. மூன்று வருஷத்து அட்டவணைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு துறையின் கடைசி மதிப்பெண் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வருமானால், அந்தப் பாடத்துக்கே எங்கும் மவுசு குறைந்ததா, அல்லது அந்தக் கல்லூரியில் மட்டும் இறங்கியதா என்று மற்றக் கல்லூரிகளின் அதே துறையோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கும் நிலையாய் இருக்க, அங்கே மட்டும் இறங்கியிருக்குமானால், அங்கே படித்த மாணவர்கள் தம்பி தங்கைகளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று கொள்வதற்கு இடமுண்டு.

அங்கீகாரங்களைப் பற்றிப் பெற்றோர் பலரும் கேட்கிறார்கள். நாக் என்னும் மதிப்பீட்டுக் குழு 1994-ல் ஏற்பட்டது. அது கல்லூரி முழுவதையும் மதிப்பிடுகிறது. என்.பி.ஏ. என்பதோ ஒவ்வொரு பட்டப்படிப்பையும் தனித்தனியே ஆராய்ந்து, குறிப்பிட்ட சில வருஷங்களுக்கு மாத்திரம் அங்கீகாரம் தருவது. நுழைவாயிலில் பெரிய எழுத்தில் ‘என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருக்கும். எந்தத் துறைக்கு, எந்த வருஷம் வரையில் என்பதைக் கேட்டு, சான்றிதழின் நகலைப் பார்த்தாலன்றி அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. மத்திய அரசின் தேசியத் தரவரிசைப் பட்டியல் 2016 முதல் வெளிவருகிறது. அதில் எத்தனையாவது இடம் என்பதைவிட, அதற்காகக் கல்லூரியே சமர்ப்பிக்கும் விவரப் பத்திரம் மாணவருக்கு அதிக உபயோகமுடையது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய இடைநிலை ஆண்டு ஊதியம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள் என்பனவெல்லாம் அந்தப் பத்திரத்தில் இருக்கும். கல்லூரியின் இணையதளத்தில் அதைத் தேடி எடுக்கலாம்.

இடைநிலை ஊதியம் என்று சொன்னேன். அதைச் சற்று விளக்கவேண்டும். விளம்பரப் பலகைகளில் ஒரே ஒரு மாணவனுடைய படத்தைப் போட்டு, அவன் பெற்ற மிகப் பெரிய சம்பளத்தை அச்சிடுகிறார்கள். வேலை பெற்ற எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிறவன் பெறும் தொகையே இடைநிலை ஊதியம். உங்கள் பிள்ளை அந்தப் படத்தில் இருப்பவனாக இருக்கலாம். ஆனால் குடும்பம் கடன் வாங்கிப் படிக்க வைப்பதாயின், நடுவில் நிற்பவனுடைய சம்பளத்தைக் கொண்டே கடன் தவணையைக் கணக்கிட வேண்டும். ‘நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு’ என்று சொல்லுமிடத்தில், அந்த நூறு என்பது துறையில் படித்த எல்லோரையும் குறிக்கிறதா, அரியர் இல்லாமல் தகுதி பெற்று விண்ணப்பித்தவர்களை மட்டும் குறிக்கிறதா என்று கேட்பது அவசியம்.

தேர்ச்சி விகிதப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் பருவத் தேர்வு முடிவைக் கல்லூரிவாரியாக அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. அக்கல்லூரிகளின் மாணவர் ஒரே வினாத்தாளுக்கு விடையளித்தவர்கள் ஆதலால் அந்த முடிவுகள் தம்முள் ஒப்பிடத்தக்கவை. தன்னாட்சிக் கல்லூரி தானே நடத்தித் தானே திருத்திய தேர்வின் விகிதத்தை அவற்றோடு சேர்த்து ஒப்பிடுவது பொருந்தாது.

காகிதங்களை இவ்வளவு தூரம் பார்த்தபின், நாலைந்து கல்லூரிகள் மிஞ்சும். அவற்றை நேரில் சென்று காண்பதைப் போன்ற உபாயம் வேறொன்றும் இல்லை. ‘திறந்த நாள்’ என்று அழைப்பு அனுப்பித் தோரணம் கட்டி வரவேற்கும் நாளில் போகவேண்டாம்; கல்லூரி நடக்கிற ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ முற்பகலில் செல்லுங்கள். விருப்பப் பட்டியல் எழுதும் வாரத்தில் பல கல்லூரிகளுக்கு விடுமுறையாயிருக்கும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே, ஒரு பள்ளி விடுமுறை நாளைப் பயன்படுத்திக்கொள்வது உசிதம். கல்லூரி அலுவலகத்தில் அனுமதி கேட்டு, நீங்கள் விரும்பும் துறைக்கே நேராகப் போய்விடுங்கள். வளாகத்தின் நீரூற்றும் குளிரூட்டிய அரங்கமும் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

துறையில் முதலில் பார்க்கவேண்டியது ஆசிரியர் அறைகளின் பெயர்ப்பலகைகள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதிப்படி கல்லூரி தன் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியலை வெளியிட்டிருக்கும். அதை எழுதிக்கொண்டுபோய்க் கதவுகளிலும், சுவரில் ஒட்டியுள்ள கால அட்டவணையிலும் உள்ள பெயர்களோடு ஒத்துப்பாருங்கள். இது வீண் சந்தேகம் அன்று. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் பட்டியல்களில் இருந்த செய்தி 2024-ல் வெளிப்பட்டு, அண்ணா பல்கலைக்கழகமே விசாரணை நடத்த நேர்ந்தது. இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்விக் குழுமம் வகுத்த அளவு. அதே 2024-25-ஆம் ஆண்டு முதல் ஒரு துறையில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டபடியால், கணினி அறிவியலும் அதன் கிளைகளும் பல கல்லூரிகளில் பன்மடங்காக விரிந்திருக்கின்றன. இடங்கள் பெருகிய வேகத்தில் ஆசிரியர்கள் பெருகியிருக்கிறார்களா என்பதே அந்தத் துறையை நாடுகிற மாணவன் கேட்கவேண்டிய தலையாய கேள்வி. சிவில், மெக்கானிக்கல் துறைகளிலிருந்து ஆசிரியர்களை மாற்றி அங்கே பாடம் நடத்தச் சொல்லியிருந்தால் அதுவும் அட்டவணையில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆய்வுக்கூடம். இங்கே நிதானமாக நில்லுங்கள். பட்டறையில் லேத்தின் கைப்பிடி பலருடைய கை பட்டுப் பளபளத்திருக்கிறதா, அடித்தட்டில் அன்றைய உலோகச் சுருள்கள் கிடக்கின்றனவா, அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் தூசு படிந்து கண்காட்சிப் பொருளாக நிற்கிறதா என்பது ஒரு பார்வையிலேயே தெரியும். விலையுயர்ந்த இயந்திரம் ஒன்று பூட்டிய அறையில் இருப்பதைவிட, பழைய இயந்திரங்கள் பத்து ஓடிக்கொண்டிருப்பது மாணவனுக்கு நல்லது. பிறகு, அங்கிருக்கும் இரண்டு மாணவர்களிடம் அவர்களுடைய அப்சர்வேஷன் நோட்டைப் பணிவாகக் கேட்டு வாங்கி, ஒரே சோதனையின் அளவீடுகளைப் பாருங்கள். வெவ்வேறு குழுவைச் சேர்ந்த இருவரும் தாமே சோதனை செய்திருந்தால், எண்கள் சிறிதேனும் மாறுபடும். அடித்தலும் திருத்தலும் இருக்கும். கடைசி இலக்கம் வரையில் இரண்டும் ஒன்றாயிருக்குமானால், ஒருவன் செய்ததை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள் என்று அறியலாம். ஆசிரியர் கையொப்பம் சோதனை நாளிலேயே இடப்பட்டதா, பருவ முடிவில் எல்லாப் பக்கங்களிலும் ஒரே பேனாவால் ஒரே நாளில் இடப்பட்டதா என்பதும் கண்ணுக்குத் தப்பாது. எந்த மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையையும்விட இந்த நோட்டுப் புத்தகம் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

நூலகத்தில் உங்கள் பாடத்துக்குரிய அலமாரிக்குச் சென்று நாலு புத்தகங்களை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் புரட்டுங்கள். கணினியில் பதிவு வைக்கும் நூலகமாயின் சீட்டு இராது. ஆனால் படிக்கப்பட்ட புத்தகம் ஓரம் மடிந்தும், பென்சில் கோடு பட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மாணவர்களோடு பேசுங்கள்; கல்லூரி அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று அழைத்துவரும் மாணவர்களோடு அல்லாமல், வாயிலுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களோடு. ‘காலேஜ் எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதிலே வரும். குறிப்பாகக் கேட்க வேண்டும். “அண்ணா, லேப்ல ஆளுக்கு ஒரு மெஷின் கிடைக்குமா?” என்று கேட்ட ஒரு பையனுக்கு, “ஒரு பேட்ச்சுக்கு அஞ்சு பேருப்பா. ரெண்டு பேர் செய்வோம், மத்தவங்க ரீடிங் எழுதிக்குவாங்க. ஆனா எங்க சார் கிட்ட கேட்டா சாயங்காலம் தொறந்து விடுவாரு” என்று பதில் வந்ததை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். கூட்டம் அதிகம் என்ற குறையையும், மாலையில் கதவைத் திறந்துவிடுகிற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்ற நிறைவையும் அந்த ஒரு பதில் சேர்த்தே தெரிவித்துவிட்டது. அப்படிப்பட்ட ஓர் ஆசிரியர் இருக்கும் துறையை, அவர் இல்லாத பெரும்பெயர்த் துறையைக் காட்டிலும் உயர்வாக மதிக்கலாம். போன பருவத்தில் எந்தப் பாடத்துக்கு நடுவில் ஆசிரியர் மாறினார், யார் விலகிப் போனார்கள், உங்கள் சீனியர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பவற்றையும் கேளுங்கள். மாணவியாயின், விடுதியின் நேரக் கட்டுப்பாடு, இரவில் உடல்நலம் குன்றினால் யார் அழைத்துப் போவார்கள், புகார்க் குழுவின் பெயர்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்பவற்றை அங்கே தங்கியிருக்கும் மாணவிகளிடமே கேட்டறிய வேண்டும். தினமும் பேருந்தில் போய்வர எண்ணுகிறவர்கள், பட்டியல் எழுதுவதற்கு முன்பே ஒரு நாள் காலையில் அதே பேருந்தில் ஏறிப் போய்ப் பாருங்கள். காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் பயணத்தில் கழிந்தால், எவ்வளவு நல்ல நூலகமும் அந்த மாணவனுக்குப் பயன்படாது.

பணத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு கல்விக் கட்டணத்தை வரையறுக்கிறது. அதற்குமேல் பேருந்து, விடுதி, ‘பயிற்சி’ என்று வரும் தொகைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நன்கொடை வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் 1992 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. இரசீதில்லாமல் பணம் கேட்குமிடத்தில் அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பி வந்துவிடலாம். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லையென்றால், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அது ஒற்றைச் சாளரம் வழியாகச் சேர்கிறவர்களுக்கே உரியது. அதற்கான சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்தபின் அலைவது வீண் சிரமம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன; அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. இருந்தும், இந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரிகளை மட்டுமே எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ‘கிண்டியெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கும்’ என்று வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை அதற்குக் காரணமாகிவிடுகிறது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் பள்ளியில் தகுதியுள்ள ஒரு பிள்ளை இருந்தால், அதன் பெற்றோரை அழைத்துவைத்து, விடுதிக்கும் செலவில்லை என்பதை விளக்கிச் சொல்லி, மிக உயர்ந்த கல்லூரிகளையும் பட்டியலின் உச்சியில் எழுதச் செய்யுங்கள்.

அந்தப் பட்டியலை எழுதும் முறையைக் கூறுகிறேன். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு கல்லூரியையும் ஒரு துறையையும் இணைத்தே எழுதப்படுகிறது. உங்கள் முறை வரும்போது, கணினி முதல் வரியிலிருந்து தொடங்கி, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தை ஒதுக்கிக் கொடுக்கும். ஆகையால் எட்டாது என்று தோன்றும் விருப்பத்தை மேலே எழுதுவதால் கீழே உள்ளவற்றுக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. ஆனால், கிடைத்தாலும் சேரமாட்டோம் என்று எண்ணும் இடத்தை எண்ணிக்கைக்காக எழுதலாகாது. பத்தும் பதினைந்துமாக எழுதி நிறுத்திக்கொள்கிறவர்கள் அந்தச் சுற்றில் ஒன்றுமின்றிப் போவதுண்டு. மூன்று வருஷத்து அட்டவணையைக் கொண்டு, எட்டக்கூடியவை வரையில் தாராளமாக எழுதுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், அதை ஒப்புக்கொண்டு மேல்நோக்கி நகர விரும்புவதாகத் தெரிவித்தால், மேலே உள்ள விருப்பம் ஒன்று காலியாகும்போது அது உங்களுக்கு வரும். வந்தவுடன் முந்தைய இடம் போய்விடும் என்பதை மறவாதீர்கள். பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு குறியீட்டு எண்ணையும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் ஒத்துப்பார்க்கட்டும். இணைய மையத்தில் முன்பின் அறியாத ஒருவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து இதைச் செய்விக்க வேண்டாம்.

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. வேறு கல்லூரிக்குப் போகாமலிருக்க அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு எந்தக் கல்லூரிக்கும் அதிகாரமில்லை. குறித்த காலத்துக்குள் விலகினால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் அதே அறிவிப்பு விதி செய்கிறது. ‘இங்கேயே இருக்கட்டும், பத்திரமாக வைத்திருப்போம்’ என்று அலுவலகத்தில் சொன்னால், அந்த அறிவிப்பைச் சுட்டிக்காட்டி அசலைக் கையில் வாங்கிக்கொண்டு, நகல்களில் மட்டும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.